துருவ வானில் பலூனும் ஆளில்லா விமானமும்

உலகப் படத்தின் உச்சியில் வெண்ணிறமாகக் காட்டப்படும் வடதுருவப் பிரதேசம் நிலம் அன்று, அது கடல். அக்கடலின் மேற்பரப்பை ஓரிரு மீற்றர் தடிப்புள்ள பனிக்கட்டி மூடியிருக்கின்றது. பனிக்கட்டிக்கு மேலே காற்று, காற்றிலே முகில். இவற்றிற்கிடையே இரவு பகலாக ஒரு கொடுக்கல் வாங்கல் நடைபெறுகின்றது. கடல் தன் வெப்பத்தை மேலே விட முயல்கின்றது. பனிக்கட்டி அதைத் தடுக்கின்றது. முகிலோ சில வேளைகளில் போர்வையாகவும் சில வேளைகளில் குடையாகவும் அமைகின்றது. இக்கணக்கில் வரவு மிகுந்தால் பனிக்கட்டி உருகும். செலவு மிகுந்தால் கடல் உறையும்.

அண்மைக் காலத்தில் இக்கணக்கு வரவின் பக்கமே சாய்ந்து வருகின்றது. ஆர்க்டிக் எனப்படும் இவ்வட்டாரம் 1979ஆம் ஆண்டு முதல் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது எனப் பின்லாந்து நாட்டு வானிலை ஆராய்ச்சியாளர் 2022ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். விந்தை யாதெனில், உலகிலே மிக விரைவாக மாறிவரும் இவ்விடமே மிகக் குறைவாக அளக்கப்பட்ட இடமுமாகும். நிலப்பரப்புகளில் வானிலை நிலையங்கள் பல உள. நடுத்துருவக் கடலிலோ நிலையமொன்றை நிலையாக நாட்டுவதற்குத் தரையே இல்லை. அங்குள்ள பனிக்கட்டி மிதந்து செல்வது, பிளப்பது, ஒன்றன்மேலொன்று ஏறுவது. அதன்மேல் இன்று நாட்டிய கம்பம் நாளை வேறோரிடத்தில் இருக்கும். அல்லது கடலுக்குள்ளே இருக்கும்.

வானத்திலிருந்து செய்மதிகள் பார்த்துக்கொண்டிருக்க, இக்கவலை எதற்கு என்று கேட்கலாம். செய்மதிகளின் பயன் பெரிது. பனிக்கட்டி எவ்வளவு பரந்துள்ளது என்பதை அவையே நாள்தோறும் காட்டுகின்றன. ஆயினும் அவை மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பவை. துருவத்திலே தாழ்ந்த முகிலும் வெண்மை; அதன் கீழுள்ள பனிக்கட்டியும் வெண்மை. இரண்டும் ஒத்த குளிர்நிலையில் இருப்பதும் உண்டு. எது முகில், எது தரை என்று பிரித்தறிவதே செய்மதிக்குச் சிரமமாகின்றது. அம்முகிலுக்குக் கீழே, தரையை ஒட்டிய சில நூறு மீற்றருக்குள் காற்று எவ்வாறு அடுக்கடுக்காக அமைந்துள்ளது என்பதை அது நுணுக்கமாகக் காண இயலாது.

இந்தக் கீழ்ப்படையே முக்கியமானது. சாதாரணமாக, மேலே செல்லச் செல்லக் குளிர் அதிகரிக்கும். மலையேறுவோர் யாவரும் இதனை அறிவர். துருவத்தின் நீண்ட இரவிலே நிலைமை தலைகீழாகின்றது. சூரியனைக் காணாத பனித்தரை தன்னிடமுள்ள வெப்பத்தைத் தெளிந்த வானத்திற்கு இழந்துகொண்டேயிருக்கும். அத்தரையைத் தொட்டிருக்கும் காற்றும் உடன் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது மேலெழாது தரையிலேயே படிந்து கிடக்கும். அதற்குச் சில நூறு மீற்றர் மேலே பத்துப் பாகை கூடுதலான வெப்பம் காணப்படுவது அபூர்வமன்று. இதனை வெப்பநேர்மாறல் என்பர். குளிர்ந்த விடியற்காலையிலே அடுப்புப் புகை வானுக்கு உயராமல் கூரைமட்டத்திலே தட்டையாகப் படர்ந்து நிற்பதைக் கண்டவர்கள் இதன் சிறியதோர் உருவத்தைக் கண்டவர்களே.

இப்படையின் மேல்விளிம்பிலேதான் துருவத்து முகில்கள் பெரும்பாலும் தங்குகின்றன. பனிக்கட்டி எவ்வளவு வெப்பத்தை இழக்கும், எவ்வளவு பெறும் என்பதை இங்குதான் இயற்கை தீர்மானிக்கின்றது. கம்பம் நாட்டி அளந்தால் பத்து இருபது மீற்றருக்கு மேல் எட்டாது. மனிதர் செலுத்தும் விமானம் இருளிலும் மூடுபனியிலும் பனிக்கட்டியை உரசுமளவு தாழ்ந்து பறப்பது உயிராபத்து. ஆகவே கம்பத்திற்கு எட்டாததும் விமானத்திற்கு ஆகாததுமான இவ்விடைவெளியை அளப்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடையாக வந்தவையே பலூனும் ஆளில்லாச் சிறு விமானமும். ட்ரோன் என்று இக்காலத்தில் வழங்குவது இவ்விமானமே.

பலூன் துருவத்திற்குப் புதியதன்று. சுவீடன் தேசத்து எந்திரவியலாளரான அந்திரே என்பவர், ஐதரசன் வாயு நிரப்பிய பலூனிலே ஏறி வடதுருவத்தைக் கடந்துவிடலாம் என எண்ணினார். ஸ்திரிண்ட்பேர்க், பிரெங்கல் என்னும் இரு இளைஞர்களுடன், 1897ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி, சுவால்பாட் தீவுக்கூட்டத்திலிருந்து அவர் புறப்பட்டார். கழுகு எனப் பெயரிடப்பட்ட அப்பலூன், திசை திருப்புவதற்கென அமைத்த இழுவைக் கயிறுகளின் பெரும்பகுதியைப் புறப்பட்டவுடனேயே இழந்தது. பின்னர் துருவத்து மூடுபனி அதன் மேற்பரப்பிலே பனிக்கட்டியாக உறைந்து பாரமாயிற்று. மூன்றாம் நாள் பலூன் பனிவெளியில் இறங்கிவிட்டது. மூவரும் ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் பனிக்கட்டியின் மேல் நடந்தும் மிதந்தும் குவித்தோயா என்னும் தனித்தீவையடைந்து, அங்கே உயிர் நீத்தனர்.

அவர்கள் என்ன ஆயினர் என்பதை உலகம் முப்பத்து மூன்று ஆண்டுகள் அறியவில்லை. 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நோர்வேக் கப்பலொன்றில் சென்றவர்கள் அவர்களுடைய கடைசிப் பாசறையைக் கண்டனர். நாட்குறிப்புகளும் வானிலைக் குறிப்புகளும் கிடைத்தன. நிழற்படச் சுருள்கள் கழுவப்பட்டபோது படங்கள் பல தெளிவாகத் தோன்றின. அம்மூவரும் பசியிலும் களைப்பிலும் காற்றையும் குளிரையும் தவறாமல் அளந்து எழுதி வந்துள்ளனர். ஆனால் அளந்தவர்களோடு அளவுகளும் பனியிலே புதைந்து கிடந்தன. அளப்பது மட்டும் போதாது. அளந்தது திரும்பி வரவேண்டும் என்பதை இதனினும் துயரமாக உணர்த்தும் கதை வேறில்லை.

மனிதனை அனுப்பாமல் கருவியை மட்டும் அனுப்பும் முறை அக்காலத்திலேயே தொடங்கியிருந்தது. பிரான்ஸ் தேசத்துத் தெய்சரென் டி போர் என்னும் அறிஞர் பாரிஸ் நகருக்கு அண்மையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட ஆளில்லாப் பலூன்களை ஏவினார். ஒரு குறித்த உயரத்திற்கு மேல் குளிர் அதிகரிப்பது நின்றுவிடுகின்றது என்பதைக் கண்டு, வளிமண்டலத்தின் இரண்டாம் அடுக்கை 1902ஆம் ஆண்டில் அவர் உலகிற்கு அறிவித்தார். ஆயினும் அவருடைய கருவிகள் தாம் அளந்ததைத் தம்மிடமே பதிந்து வைத்தவை. அவை எங்கேனும் வயலிலே விழுந்து, யாரேனும் ஒருவர் எடுத்து அனுப்பினால்தான் பலன் கிட்டும். வயலும் இல்லாத, எடுத்தனுப்ப ஆளும் இல்லாத துருவத்திற்கு இம்முறை உதவாது.

இத்தடையை நீக்கியது வானொலி. 1929ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து றொபேர் பியூரோவும், 1930ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி லெனின்கிராட் நகருக்கு அண்மையிலுள்ள பாவ்லொவ்ஸ்க் என்னுமிடத்தில் ருஷ்ய அறிஞர் மொல்ச்சானொவ்வும், அளவுகளை வானொலி அலையாக அனுப்பும் சிறு கருவிகளைப் பலூனிலே பறக்கவிட்டனர். பின்லாந்தின் வைசாலாவும் 1931இல் இத்தகைய கருவியொன்றை ஏவினார். இக்கருவி ரேடியோசோண்ட் எனப் பெயர் பெற்றது. கருவி கடலிலே விழட்டும், பனியிலே புதையட்டும். அது சொல்லவேண்டியதை விழுமுன்னரே சொல்லிவிடுகின்றது. 1930ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மொல்ச்சானொவ் இதனைச் செய்துகாட்ட, அதே ஆண்டின் ஆகஸ்டிலே அந்திரேயின் குறிப்பேடுகள் கண்டெடுக்கப்பட்டமை காலத்தின் ஓர் ஒற்றுமை எனலாம்.

அடுத்த ஆண்டு ஜூலை மாதத்தில் கிராவ் செப்பெலின் என்னும் ஜேர்மனிய ஆகாயக் கப்பல் துருவப் பிரதேசத்திற்குச் சென்றபோது, மொல்ச்சானொவ்வும் அதில் ஏறிச் சென்று, தம் கருவிகளை அங்கிருந்து பறக்கவிட்டார். பின்னர் சோவியத் நாட்டினர் மிதக்கும் பனிக்கட்டியின் மீதே பாசறை அமைத்துத் தங்கலாயினர். முதற் பாசறை 1937இல் அமைந்தது. 1954 முதல் 1991 வரை இத்தகைய பாசறைகள் இடைவிடாது தொடர்ந்து வந்தன. அங்கிருந்து ஏவப்பட்ட பலூன்களே நடுத்துருவக் கடலின் வானத்தைப் பற்றிய முதல் நீண்ட கணக்கை உலகிற்குத் தந்தன.

இன்றைய ரேடியோசோண்ட் ஒரு கையிலே அடங்கிவிடும். அதன் எடை நூறு கிராமளவே. வெப்பநிலையை அறிய ஒன்று, ஈரப்பதனை அறிய ஒன்று என நுண்ணிய உணர்கருவிகள் அதில் நீட்டிக்கொண்டிருக்கும். செய்மதிகளின் துணையால் தான் நிற்கும் இடத்தை அது கணந்தோறும் அறிந்துகொள்ளும். கருவி எவ்வளவு தூரம், எத்திசையிலே அடித்துச் செல்லப்பட்டது என்பதிலிருந்தே காற்றின் வேகமும் திசையும் கணிக்கப்படுகின்றன. இதனைத் தாங்கும் இறப்பர்ப் பலூன் ஈலியம் அல்லது ஐதரசன் நிரப்பி விடப்படுகின்றது. மேலே செல்லச் செல்ல வெளியமுக்கம் குறைவதால் பலூன் விரிந்துகொண்டே போகும். முப்பது கிலோமீற்றர் உயரத்தில் அமுக்கம் தரையிலுள்ளதில் நூறிலொரு பங்களவே. அவ்வளவில் பலூன் வெடித்து, கருவி கீழே விழும்.

உலகெங்கும் பல நூறு நிலையங்களில் வழக்கமாக நாளுக்கு இருமுறை, ஒரே வேளையில் இப்பலூன்கள் ஏறுகின்றன. சுவால்பாட்டிலுள்ள நீ ஓலசுண்ட் என்னும் சிற்றூர் அவற்றுள் வடகோடியைச் சேர்ந்தது. ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து நடத்தும் நிலையமொன்று அங்குள்ளது. அங்கிருந்து நாள்தோறும் வானிலைப் பலூனும், ஏறக்குறைய வாரத்திற்கொரு முறை ஓசோனை அளக்கும் பலூனும் ஏவப்படுகின்றன. ஓசோனை அளக்கும் முறை எளிமையானது. சிறு பம்பியொன்று வெளிக்காற்றை இழுத்து, பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலினூடாகக் குமிழியிடச் செய்யும். காற்றிலுள்ள ஓசோன் கரைசலுடன் தாக்கமுற்று மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். மின்னோட்டத்தின் அளவே ஓசோனின் அளவைக் காட்டிவிடுகின்றது.

இம்முறையின் அருமை 2020ஆம் ஆண்டு வசந்தத்தில் விளங்கியது. அவ்வாண்டு துருவத்தின் மேல்வானம் வழமைக்கு மாறாக நெடுநாள் கடுங்குளிரில் இருந்தது. அத்தகைய குளிரில், மனிதர் செய்த குளோரின் சேர்வைகள் ஓசோனை அழிக்கும் ஆற்றல் பெறுகின்றன. ஏறக்குறைய 18 கிலோமீற்றர் உயரத்திலே ஓசோனில் நூற்றுக்கு 95 வீதமளவு அழிந்துவிட்டதெனப் பலூன்கள் காட்டின. தென்துருவத்திலே ஆண்டுதோறும் காணப்படும் ஓசோன் குறைவை வடதுருவத்திலே இவ்வளவிற்கு முன்னர் எவரும் அளந்ததில்லை. அத்தகைய சேர்வைகளை ஒழிக்க 1987இல் மொன்றியல் நகரிலே உடன்படிக்கை செய்யப்பட்டது. அது செய்யப்படாதிருப்பின் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும் என்பது அறிஞர் கருத்து.

ஆயினும் ஏறிச்செல்லும் பலூனுக்கு ஒரு குறை உண்டு. அது விநாடிக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் உயர்கின்றது. முப்பது கிலோமீற்றரை அளக்க இவ்வேகம் தக்கதே. ஆனால் முதல் நூறு மீற்றரை அது இருபது விநாடிக்குள் கடந்துவிடும். துருவத்தின் இரகசியங்கள் பெரும்பாலும் அந்த நூறு மீற்றரிலும் அதற்குச் சற்று மேலேயும் அல்லவா அடங்கியுள்ளன? வீட்டு வாயிலைக் கவனித்து வரச் சொன்னவனை ஓடும் புகைவண்டியில் ஏற்றி அனுப்பியது போலாகும் இது. மேலும், கப்பலிலிருந்து பலூனை ஏவுமிடத்து, கப்பலின் வெப்பமும் அதன் உடல் காற்றைத் தடுப்பதும் முதற் சில பத்து மீற்றர்களின் அளவுகளைப் பழுதாக்கிவிடுகின்றன.

ஆகவே கயிற்றிலே கட்டிய பலூன் தேவைப்பட்டது. கப்பலுக்குத் தொலைவிலே பனிக்கட்டியின் மீது சுழல்பொறியொன்றை நிறுத்தி, ஈலியம் நிரப்பிய பெரும் பலூனை உறுதியான கயிற்றிலே மெல்ல ஏற்றுவர், விரும்பிய உயரத்தில் நிறுத்துவர், மீண்டும் இறக்குவர். ஏறும் பலூன் ஒரு முறையோடு தொலைந்துபோகும். கயிற்றுப் பலூனோ முகிலுக்குள்ளே மணிக்கணக்கில் நின்று அளக்கும். பாரமான கருவிகளைத் தாங்கும். அக்கருவிகளைப் பத்திரமாகத் திரும்பவும் தரும். முகிலிலுள்ள நீர்த்துளிகளையும் தூசித் துணிக்கைகளையும் கதிர்வீச்சையும் காற்றின் நுண்ணிய சுழற்சிகளையும் ஒரே இடத்தில் வைத்து அளக்கும் வசதி இதனாற் கிட்டிற்று.

ஆளில்லாச் சிறு விமானமோ இன்னொரு வகையில் உதவுகின்றது. பலூன் ஒரே நேர்கோட்டில் ஏறி இறங்கும். விமானம் பக்கவாட்டிலும் சென்று வரும். 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏரோசொண்ட் என்னும் ஆளில்லாச் சிறு விமானம் 27 மணித்தியாலத்திற்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. வானிலை ஆய்விற்கென அமைந்த அதன் இனத்து விமானங்கள் பின்னர் அலாஸ்காவின் வடகரையிலே துருவ ஆய்விற்குப் பயன்பட்டன. நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்தார் சூமோ என்னும் இன்னும் சிறிய விமானத்தை அமைத்துச் சுவால்பாட்டிலே பறக்கவிட்டனர். 2017, 2018ஆம் ஆண்டுகளின் பெப்ரவரி மாதங்களில், பின்லாந்தின் ஐலுவோத்தோத் தீவையடுத்து உறைந்திருந்த கடலின் மீதும் ஆளில்லா விமானங்கள் பலவற்றைக்கொண்டு தரைக்காற்றின் அடுக்குகள் ஆராயப்பட்டன.

அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய டேற்றாஹோக் என்னும் விமானம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட இறக்கையும் இலேசான நுரைப்பொருளாலாய உடலும் கொண்ட இது, மின்கலத்தின் சக்தியால் பறப்பது. இதன் உணர்கருவிகளுட் சில மிக மெல்லிய கம்பியினால் ஆனவை. மெல்லிய கம்பி காற்றின் சிறு மாற்றத்திற்கும் உடனே சூடேறும் அல்லது குளிரும். ஆகவே காற்றின் அதிர்வுகளை அது உடனுக்குடன் உணர்த்தும். அலாஸ்காவின் வடகரையிலுள்ள ஒலிக்டொக் முனையில் 2014 முதல் 2018 வரை பல தடவை இவ்விமானங்களும் கயிற்றுப் பலூன்களும் ஒன்றாகப் பணிபுரிந்தன. மற்றைய விமானங்கள் நுழையாதபடி அங்கு வான்பரப்பின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தமை இம்முயற்சிக்குப் பெரிதும் துணையாயிற்று.

இத்தனை சாதனங்களும் ஒருங்கு சேர்ந்தது 2019, 2020ஆம் ஆண்டுகளிலே. ஜேர்மனியின் போலர்ஸ்டேர்ண் என்னும் ஆய்வுக் கப்பல் 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி நோர்வேயின் துரொம்சோத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, ஒக்டோபர் தொடக்கத்திலே பெரும் பனிக்கட்டியொன்றுடன் தன்னைப் பிணைத்துக்கொண்டு, அதனோடு சேர்ந்தே மிதக்கத் தொடங்கியது. மொசெய்க் எனப் பெயர் பெற்ற இம்முயற்சியில் இருபது நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான ஆய்வாளர் முறைவைத்துப் பங்குகொண்டனர். கப்பலிலிருந்து நாளுக்கு நான்கு முறையேனும் ரேடியோசோண்ட் ஏவப்பட்டது. பனிக்கட்டியின் மீது, மிஸ் பிக்கி எனச் செல்லப்பெயரிட்ட கயிற்றுப் பலூன் ஏறியிறங்கியது. 2020ஆம் ஆண்டின் வசந்தத்திலும் கோடையிலும் டேற்றாஹோக் விமானம் அதே வானத்திலே பறந்தது.

அங்கே ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிடுவது எத்தகைய காரியம் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். குளிர் பூச்சியத்திற்குக் கீழே நாற்பது பாகை வரை செல்லும். அக்குளிரில் மின்கலம் தன் வலிமையிற் பெரும் பகுதியை இழந்துவிடும். ஆகவே பறக்கும் நேரம் வரை அதனைச் சூடாகப் பொதிந்து வைக்கவேண்டும். சிறு ஆணியைத் திருகவும் தடித்த கையுறையைக் கழற்றவேண்டும். கழற்றிய கை சில நிமிடங்களில் மரத்துப்போகும். ஒருவர் விமானத்தைச் செலுத்தும்போது மற்றொருவர் துவக்குடன் நின்று துருவக் கரடி வருகின்றதா என்று நாற்புறமும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

இவற்றை விடவும் நுட்பமான இடர்களும் உள. புவியின் காந்த முனைக்கு அண்மையில் காந்த விசை தரையை நோக்கிச் செங்குத்தாக இழுக்கின்றது. ஆகவே திசையறியும் காந்தவூசி அங்கு நம்பத்தக்கதன்று. தானே இயங்கும் விமானங்கள் பல அதனை நம்பியே திசையறிவன. அவற்றிற்கு வேறு வழி கற்பிக்கவேண்டியிருக்கின்றது. இன்னொன்று: விமானம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவரும்படி பணிக்கப்பட்டிருக்கும். ஆனால் புறப்பட்ட இடமாகிய பனிக்கட்டியே மிதந்து செல்கின்றது. நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர் நகரும் பனிக்கட்டி அரைமணி நேரத்தில் இருநூறு மீற்றர் விலகிவிடும். விமானம் தன் நினைவிலுள்ள இடத்திற்குத் துல்லியமாக வந்து சேரும். அங்கே அதனை வரவேற்க எவரும் இருக்கமாட்டார்.

எல்லாவற்றிலும் கொடிய பகை உறைபனியே. துருவ முகிலிலுள்ள நீர்த்துளிகள் பூச்சியத்திற்குக் கீழே பல பாகை குளிர்ந்தும் உறையாது திரவமாகவே இருப்பதுண்டு. அத்தகைய துளி ஒரு பொருளைத் தொட்டதும் உறைந்துவிடும். இறக்கையின் விளிம்பிலும் சுழல்விசிறியிலும் பனி ஏறினால், சில நிமிடங்களில் விமானம் தாங்குசக்தியை இழந்து விழும். அந்திரேயின் பலூனைப் பாரமாக்கி வீழ்த்திய அதே இயற்கைச் செயல் இன்றைய விமானத்தையும் வீழ்த்துகின்றது. கயிற்றுப் பலூனுக்கும் அதன் கயிற்றுக்கும் இவ்விடர் உண்டு. பலத்த காற்று வீசினால் அதனை இறக்கிக் கட்டிவிடவேண்டும். ஆகவே தெளிந்த நாளுக்கு விமானமும், முகில் மூடிய அமைதியான நாளுக்குக் கயிற்றுப் பலூனும், புயல்நாளுக்கு ஏறிச்செல்லும் பலூனும் என அவை ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன. ஆயினும் முன்னர் பனியேறினால் மூன்று உயிர்கள் போயின. இன்று பனியேறினால் ஒரு கருவி போகின்றது. இம்மாற்றமே இத்துறையின் உண்மையான முன்னேற்றம் எனலாம்.

இவ்வளவு பாடுபட்டு அறியப்படுவது யாது? முதலாவது, முகிலின் வேலை. குளிர்காலத்துத் தெளிந்த வானத்தின் கீழ்ப் பனித்தரை ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 40 உவாற்று வீதம் வெப்பத்தை இழக்கின்றது. திரவத் துளிகள் கொண்ட மெல்லிய முகில் ஒன்று மேலே வந்து நின்றால் அவ்விழப்பு ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. போர்வை தடித்ததாக இருக்கவேண்டியதில்லை. மெல்லிய முகிலும் போதும். ஆகவே முகிலிலே திரவம் எவ்வளவு, பனித்துகள் எவ்வளவு, அது எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பவை பனிக்கட்டியின் வாழ்வையே தீர்மானிக்கும் வினாக்களாகின்றன. முகிலின் உள்ளேயே நின்று அளப்பதால்தான் இவற்றிற்கு விடை கிட்டும். 2020ஆம் ஆண்டு ஜூலையில் கயிற்றுப் பலூன் செய்த வேலை இதுவே.

இரண்டாவது, பனிக்கட்டியின் பிளவுகள். குளிர்காலத்தில் பனிக்கட்டி பிளந்தால், பூச்சியத்திற்கு இரண்டு பாகையே கீழுள்ள கடல்நீர், முப்பது பாகை கீழுள்ள காற்றைச் சந்திக்கின்றது. கொதிக்கும் பானையிலிருந்து ஆவி எழுவது போல அப்பிளவிலிருந்து வெப்பமும் ஈரமும் மேலெழும். பரப்பிலே பிளவுகள் சொற்பம். ஆனால் வெப்பக் கணக்கிலே அவற்றின் பங்கு பெரிது. கோடையிலோ பனிக்கட்டியின் மேல் உருகுநீர்க் குட்டைகள் தோன்றுகின்றன. புதுப்பனி சூரிய ஒளியில் நூற்றுக்கு எண்பது வீதமளவைத் திருப்பியனுப்ப, திறந்த கடலோ பத்து வீதத்தையும் திருப்புவதில்லை. வெண்மை குறையக் குறைய வெப்பம் ஏறும். வெப்பம் ஏற ஏற வெண்மை மேலும் குறையும். ஹீலிக்ஸ் என்னும் மற்றொரு சிறு ஆளில்லா விமானம் பனியின் மேலும் குட்டைகளின் மேலும் தாழப் பறந்து இவ்வேறுபாட்டை இடம் இடமாக அளந்தது.

மூன்றாவது, வானிலை முன்னறிவிப்பு. கணிப்பொறிகள் நாளைய வானிலையைக் கணிக்க வேண்டுமாயின் இன்றைய வானிலையை அறிந்திருக்க வேண்டும். அறியாத இடத்தில் தொடங்கிய பிழை, நாள் செல்லச் செல்ல, அறிந்த இடங்களுக்கும் பரவும். துருவத்திலே கூடுதலாக ஏவிய சில பலூன்களின் அளவுகளைச் சேர்த்துக் கணித்தபோது, 2015ஆம் ஆண்டு பெப்ரவரியில் கிழக்காசியாவையும் வட அமெரிக்காவையும் வாட்டிய கடுங்குளிரை மேலும் சரியாக முன்னறிய முடிந்திருக்கும் என யப்பானிய ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டிற்று. துருவத்தில் விடும் பலூன் துருவத்தவர்க்கு மட்டும் அன்று என்பது இதனாற் புலனாகும்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. ஏறிச்செல்லும் ஒவ்வொரு பலூனும் ஒரு முறையே பயன்படுவது. அதன் இறப்பரும் நூலும் மின்கலமும் கடலிலோ பனியிலோ விழுந்து கழிவாகின்றன. தூய்மையை அறியச் சென்றவர்களே மாசை விட்டுவருவது முரணாகும் என்பதை ஆய்வாளரும் உணர்ந்துள்ளனர். திரும்பி வரும் விமானத்தின்மேல் அவர்களுக்குள்ள விருப்பத்திற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் முப்பது கிலோமீற்றர் உயரத்தைச் சிறு விமானம் எட்டமாட்டாது. ஆகவே, இப்போதைக்குப் பலூனை முற்றாகக் கைவிடுதல் இயலாது.

2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் உலகெங்கும் பரவியபோது, மொசெய்க் ஆய்வாளரை மாற்றி அனுப்புவதும் தடைப்பட்டது. குறித்த காலத்திற்கு மேலாகப் பலர் பனியிலேயே தங்கவேண்டியதாயிற்று. பின்னர் கப்பல் தன் பனிக்கட்டியை விட்டுச் சில வாரங்கள் தெற்கே வந்து, புதியவர்களை ஏற்றிச் செல்லவேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி அது ஜேர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்தை அடைந்தது. அவ்வோராண்டின் அளவுகள் பல ஆண்டுகளுக்கு ஆராய்வதற்குப் போதியவை.

ஆனால் கப்பல் வந்து சேர்ந்ததும் நடுத்துருவ வானம் மீண்டும் பெரும்பாலும் அளக்கப்படாத வானமாயிற்று. ஓராண்டின் வானிலை மற்றோராண்டின் வானிலையாகாது. நோயாளியின் நாடியை ஒருநாள் பார்த்துவிட்டு ஓராண்டு பாராதிருக்கும் வைத்தியரைப் போல உலகம் இருத்தல் தகாது. மனிதர் சிலரே இருக்கும் கரையோர நிலையங்களிலிருந்தும், போகும் கப்பல்களிலிருந்தும், நாள்தோறும் தாமே எழுந்து அளந்து திரும்பும் சிறு விமானங்கள் உண்டாகவேண்டும் என்பதே இத்துறையினரின் குறிக்கோள். அதற்கு உறைபனியை வெல்லும் இறக்கையும், குளிரைத் தாங்கும் மின்கலமும், நகரும் தரையை அறிந்திறங்கும் அறிவும் வேண்டும். அவை கைகூடும் வரை, தடித்த கையுறை அணிந்த ஒருவர் இருளிலும் காற்றிலும் நின்று, ஒவ்வொரு பலூனையும் தம் கையாலேயே வானத்திற்கு விட்டுக்கொண்டிருக்க வேண்டியதே.